ஏழாம் அத்தியாயம்: மானியம் வந்த பிறகு

மானியம் அனுமதிக்கப்பட்டதாகக் கடிதம் வந்த அன்று ஏற்படும் உற்சாகத்தில், அதனுடன் இணைந்து வந்த ஒப்பந்தப் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்தில் மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, பிறகு அதைப் பத்து மாதம் அலமாரியில் உறங்கவிட்டு, பங்குனி வெயிலில் ‘அறிக்கை எங்கே?’ என்று மின்னஞ்சல் வரும்போதுதான் தேடி எடுத்துப் படிப்பது என்ற வழக்கம் நம்முடைய சிறு ஸ்தாபனங்களில் சாமானியமாகக் காணப்படுகிறது. திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், வடமதுரை, சாணார்பட்டி, நிலக்கோட்டை, ஆத்தூர் என்று அதைச் சூழ்ந்து பரந்திருக்கும் சமவெளியிலும், ஊருணி தூர்வாருவது முதல் சின்னாளபட்டிப் பெண்களுக்குத் தையல் கற்பிப்பது வரையில் எத்தனையோ நற்காரியங்களை மூன்று நான்கு ஊழியர்களைக் கொண்டே நடத்திவரும் நிர்வாகிகளை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இதில் வரும் யோசனைகள் யாவும் ஒரே அபிப்பிராயத்தைச் சார்ந்தவை: அறிக்கையைத் தொடங்க வேண்டிய நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளே என்பதும், அதன் மிக முக்கியமான வாக்கியங்கள் பணம் செலவாவதற்கு முன்னரே எழுதப்பட வேண்டியவை என்பதுமே அது.

ஆகவே முதல் வேலையாக, காரியதரிசி, கணக்கர், களப்பணியாளர் ஆகிய மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒப்பந்தத்தை ஒரு பென்சிலுடன் படிக்க வேண்டும். களப்பணியாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள், ‘120 பெண்களுக்கு ஆறு மாதப் பயிற்சி’ என்று விண்ணப்பத்தில் எழுதிய எண்ணுக்குப் பின்னர் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். அறிக்கை தரவேண்டிய தேதிகள், அடுத்த தவணை எந்த நிபந்தனையின்பேரில் வரும், பட்ஜெட்டின் ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்புக்கு எத்தனை சதவீதம் வரை அனுமதியின்றி மாற்றலாம், வங்கியில் கிடந்த பணத்துக்குக் கிடைத்த வட்டியை என்ன செய்வது, மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்பவை கோடிட வேண்டிய இடங்கள். ஒப்பந்தம் மௌனம் சாதிக்கும் விஷயங்களை அன்றே எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வது நலம். தொலைபேசியில் ‘பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்’ என்று அன்போடு சொன்ன உத்தியோகஸ்தர், அறிக்கை போகிற சமயத்தில் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பது அபூர்வமான சம்பவம் அல்ல.

அறிக்கையில், மானியம் கொடுக்கும் தாதாக்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பதைக் கண்டு சலித்துக்கொள்கிறவர்கள், அவர்களும் வேறு யாருக்கோ கணக்குச் சொல்ல வேண்டியவர்களே என்பதைக் கவனித்தால், கேள்விகளின் தாத்பரியம் விளங்கிவிடும்.

கம்பெனிப் பணத்தை எடுத்துக்கொள்வோம். வேடசந்தூர்ச் சாலையோரத்து நூற்பாலையாயினும் சென்னையின் பெரிய ஸ்தாபனமாயினும், வருஷத்தின் நிகர லாபம் ஐந்து கோடி ரூபாயை எட்டிவிட்டால், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடக் கடமைப்பட்டதாகிவிடுகிறது. சி.எஸ்.ஆர். நிதி என்று நாம் சொல்லும் இப்பணத்தைப் பெற, 2021 ஏப்ரல் முதல், சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து நமது ஸ்தாபனம் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். கொடுத்த பணம் குறித்த காரியத்துக்கே உபயோகப்பட்டது என்று கம்பெனியின் நிதித் தலைவர் தம் பெயரில் சான்றளிக்க வேண்டியிருப்பதால், நம்மிடமிருந்து பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது ‘யூசி’, வரும்வரை அவருக்கு நிம்மதி கிடையாது. இதில் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. கம்பெனி நம் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டதாலேயே அது செலவாகிவிட்டதாகச் சட்டம் கருதுவதில்லை. நாம் அதைக் களத்தில் செலவிட்டால்தான் கம்பெனியின் செலவு. மார்ச் 31 அன்று நம்மிடம் தங்கியிருக்கும் தொகை அவர்கள் கணக்கில் செலவழியாத தொகையே. பல ஆண்டுத் தொடர் திட்டம் என்று அவர்களது இயக்குநர் குழு முன்பே தீர்மானித்திருந்தால், அத்தொகையை வருஷம் முடிந்த முப்பது நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் இட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். அவ்விதம் தீர்மானிக்கவில்லையெனில், ஆறு மாதத்துக்குள் பிரதம மந்திரி நிவாரண நிதி போன்ற, சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கண்ட நிதி ஒன்றுக்கு அதைச் செலுத்தியாக வேண்டும். நம் ஊர் ஊருணிக்கு அது பிறகு திரும்பி வராது.

இங்கேதான் நம்முடைய சமவெளியின் பஞ்சாங்கமும் நிதியாண்டின் பஞ்சாங்கமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒரு ஸ்தாபனம் வடமதுரைப் பக்கத்தில் இரண்டு ஊருணிகளைத் தூர்வார உத்தேசித்து விண்ணப்பித்ததாக வைத்துக்கொள்வோம். வைகாசியில் விண்ணப்பம் போகிறது. ஆவணியில் அனுமதி வருகிறது. ஒப்பந்தம், சான்றிதழ் நகல்கள், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றாக முடிந்து முதல் தவணை கைக்கு வரும்போது ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது. மழை பெய்தால் மகிழ வேண்டிய ஊரில், ஊருணியில் தண்ணீர் நின்றதைக் கண்டு ஸ்தாபனத்துக் கணக்கர் மட்டும் கவலைப்படுகிறார். பொக்லைன் இயந்திரம் இறங்க மண் காய வேண்டும். நல்ல மழையாயின் மாசிக்கு முன் அது நடவாது. மார்ச் 31-க்குள் இரண்டில் ஒன்றுதான் முடியும். இந்தக் கட்டத்தில், மே மாதம் வெட்டப்போகும் மண்ணுக்கு மார்ச் மாதத் தேதியிட்ட பில் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று யோசனை சொல்லும் அனுபவசாலிகள் எங்கும் இருக்கிறார்கள். அந்தப் பில்லைக் கொடுத்தவர் தம்முடைய ஜி.எஸ்.டி. கணக்கில் அதைக் காட்டிய தேதியும், இயந்திரம் ஓடிய நாளும், ஊர்க்காரர் ஒருவர் கைபேசியில் எடுத்த படத்தின் நாளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் ஒரு தினம் நிச்சயமாக வரும். அன்று ஒரு மானியத்தோடு நஷ்டம் நிற்பதில்லை.

செய்ய வேண்டியது கார்த்திகையிலேயே ஒரு கடிதம் எழுதுவது. ‘இன்ன தேதி முதல் பெய்த மழையால் இரண்டு ஊருணிகளிலும் வேலை தொடங்க இயலவில்லை, மார்ச் 31-க்குள் ஒன்றைத்தான் முடிக்க இயலும், இன்று கையிருப்பு இவ்வளவு, மார்ச் 31 அன்று இவ்வளவு மிஞ்சும் என்று எதிர்பார்க்கிறோம், கூடுதல் பணம் எதுவும் கோராமல், ஜூன் 30 வரை கால நீட்டிப்பை மட்டும் வேண்டுகிறோம்’ என்று எழுதி, தண்ணீர் நிற்கும் ஊருணியின் தேதியிட்ட படத்தையும், ஊராட்சித் தலைவரின் கடிதத்தையும் இணைத்தால் போதுமானது. தாதா கம்பெனியாயின், இதைத் தொடர் திட்டமாக அறிவிக்க முடியுமா என்றும் அதிலேயே கேட்டுவிட வேண்டும். அவர்களுடைய குழு கூடித் தீர்மானிக்க அவகாசம் தேவை. நவம்பரில் இவ்விதம் எழுதுகிறவர் திட்டமிடத் தெரிந்தவராகவும், அதே உண்மையை மார்ச் 28-ஆம் தேதி எழுதுகிறவர் சாக்குச் சொல்கிறவராகவும் தோன்றுவது உலக சுபாவம். இன்னும் விவேகமுள்ளவர்கள் விண்ணப்பத்திலேயே, ‘பணம் ஜனவரிக்கு முன் வந்தாலும் மண்வேலை பிப்ரவரியில்தான் தொடங்கும்’ என்று எழுதிவிடுவார்கள். அதனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுமோ என்ற பயம் அனாவசியமானது. மழைக்காலம் எதுவென்று தெரிந்தவரிடம் பணத்தை ஒப்படைப்பதையே எந்த அறங்காவலரும் விரும்புவார்.

வெளிநாட்டு அறக்கட்டளையின் பணத்துக்கு நியமங்கள் வேறு. 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோராலும் அழைக்கப்படுவது, 2020-ல் திருத்தப்பட்ட பிறகு, நிலக்கோட்டையில் செலவாகப்போகும் டாலரும் முதலில் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் நம் பெயரிலுள்ள கணக்கில் வந்து இறங்கி, அங்கிருந்தே நம்மூர் வங்கியின் பயன்பாட்டுக் கணக்குக்கு வர வேண்டும். அந்தக் கணக்கில் உள்ளூர்ப் பணத்தை ஒரு ரூபாய்கூடக் கலக்கலாகாது. நிர்வாகச் செலவு ஓர் ஆண்டில் பெற்ற தொகையில் இருபது சதவீதத்தைத் தாண்டலாகாது; முன்னர் ஐம்பது வரை அனுமதி இருந்த காலத்தில் பழகிப்போன ஸ்தாபனங்களுக்கு இது இன்றும் சிரமமாகவே இருக்கிறது. பெற்ற பணத்தை மற்றொரு ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஆகவே கூட்டாளி அமைப்பின் வழியாகச் செலவிடலாம் என்று விண்ணப்பத்தில் எழுதுவதற்கு முன்னரே யோசிப்பது அவசியம். தாதாவுக்கு அனுப்பும் அறிக்கை தனி, அரசாங்கத்துக்கு எஃப்.சி.-4 என்ற ஆண்டறிக்கை தனி. இது ஒவ்வொரு நிதியாண்டுக்கும் டிசம்பர் 31-க்குள், பணமே வராத ஆண்டாயினும், தாக்கலாக வேண்டும். இரண்டு அறிக்கைகளிலும் ஒரே தொகைதானா என்று ஒத்துப் பார்ப்பதை யாரும் நமக்காகச் செய்ய மாட்டார்கள். தாதாவின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதாயின், நம் ஏப்ரல் கணக்கிலிருந்து அவர்கள் கணக்கைப் பிரித்தெடுப்பது வருஷக் கடைசியில் பெருந்தொல்லை. மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் முந்தின மாதக் கணக்கை முடித்துவிடும் ஸ்தாபனத்துக்கு எந்த மாதத்திலிருந்து கேட்டாலும் கூட்டல் மட்டுமே வேலை.

தாதா யாராயினும் வருமான வரிச் சட்டம் பொது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் முதல் அமலுக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்களைப் பார்த்து எழுதிய மாதிரிக் கடிதங்களை ஆடிட்டரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். சாரம் பழையதே. அன்றாடத்தில் நம்மை அதிகம் இடறச் செய்வது, ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு தர்மச் செலவாக ஏற்கப்படாது என்ற விதி. டீசலுக்கு ரொக்கம் வேண்டும் என்று பொக்லைன் உரிமையாளர் பிடிவாதம் செய்வது வழக்கம். அவரிடம் வங்கிக் கணக்கு விவரத்தை வாங்கி ஒப்பந்தத்தில் எழுதிவிட்ட பிறகே இயந்திரத்தை இறக்கச் சொல்வதுதான் உசிதம். இறங்கிய பிறகு பேரம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி வவுச்சர்கள். ஒவ்வொரு வவுச்சரிலும் திட்டத்தின் பெயரும் பட்ஜெட் தலைப்பும் ரப்பர் முத்திரையாக விழ வேண்டும்; ஒரே பில்லை இரு தாதாக்களுக்குக் காட்டினார்கள் என்ற அபவாதத்திலிருந்து ஸ்தாபனத்தை இந்த ஐம்பது ரூபாய் முத்திரையே காக்கும். பில் கொடுக்க வழியில்லாத சிறு வியாபாரியிடம் வாங்கினால், நம்முடைய வவுச்சரில் பொருள், அளவு, விலை எழுதி அவர் கையொப்பம் பெறலாம். கைநாட்டாயின் சாட்சி ஒருவர் கையெழுத்தும், தொகை ஐயாயிரத்தைத் தாண்டினால் ரெவின்யூ ஸ்டாம்பும் தேவை. இரண்டு திட்டங்களில் வேலை செய்யும் ஊழியரின் சம்பளத்தைப் பாதி பாதியாகப் பிரித்து எழுதுவது வழக்கமாயினும், அவர் எந்த நாள் எந்த வேலையில் இருந்தார் என்று காட்டும் நாட்குறிப்பு இல்லாவிடில் அந்தப் பாதிக்கு ஆதாரம் ஏது? மண்வேலைக்கு, இயந்திரம் ஓடிய மணியைச் சொல்லும் பில்லைவிட, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நீள அகல ஆழம் குறித்த அளவுப் புத்தகம் மேலான சாட்சி. வண்டல் மண்ணை விவசாயிகள் எடுத்துச் சென்றால், வட்டாட்சியரின் அனுமதி நகலும், டிராக்டர் நடைகளின் பதிவேடும் அதே கோப்பில் இருக்கட்டும்.

கணக்கறிக்கை இவ்விதம் நேராகிவிட்டால், எஞ்சுவது பணியறிக்கை. நம்மவர்கள் வெகு சிரத்தையோடு எழுதுவதும் வெகுவாகத் தவறுவதும் இதில்தான். குத்துவிளக்கு ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், நன்றி நவின்றவர் என்று விழா விவரம் மூன்று பக்கம் ஓடுகிறது. அந்தப் பயிற்சியால் எந்தப் பெண்ணின் வருமானம் எவ்வளவு உயர்ந்தது என்ற கேள்விக்கு ஒரு வரியும் இருப்பதில்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் பயிற்சிக்கு முன்னால் அவள் என்ன சம்பாதித்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இதில் நமக்கு வழிகாட்டத் தூரதேசத்து உதாரணம் தேவையில்லை. டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகில் தோற்றுவித்த காந்திகிராமம், 1950-களின் இறுதியில் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தை மேற்கொண்டது. மத்திய, மாநில அரசாங்கங்களோடு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையும் இந்தப் பணிக்கு உதவியது. அதன் தொடர்ச்சியாகவே 1964-ல் அங்கே கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் உருவாயிற்று. அறுபதுகளில் ஆத்தூர் வட்டாரத்தில் பிறப்பு விகிதம் குறைந்த வரலாறு நாடெங்கும் பேசப்பட்டது. நற்பணி நடந்த வட்டாரங்கள் வேறு பல இருக்க, ஆத்தூர் மட்டும் ஏன் அவ்வளவு பேசப்பட்டது? அங்கே பிறப்புகளை ஆண்டுதோறும் எண்ணி எழுதிவந்தார்கள். ஆகவே ‘குறைந்தது’ என்று சொன்னபோது, எதிலிருந்து எதுவரை என்று காட்ட முடிந்தது.

நம்முடைய சிறு திட்டத்துக்கு அத்தனை பெரிய கணக்கெடுப்பு வேண்டியதில்லை. முதல் தவணை செலவாகுமுன், ஊருணியின் ஆழம், சுற்றியுள்ள ஐந்தாறு கிணறுகளின் நீர்மட்டம், கோடையில் குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்ற விவரம், இவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் கையொப்பம் வாங்கினால் போதும். தோல் ஷாப்புக் கழிவால் உப்பேறிய கிணறுகள் உள்ள பகுதியாயின், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைச் சோதித்து வாங்கிய சான்றும் அதோடு சேரட்டும். ஒரு வருஷம் கழிந்து, அதே மாதத்தில், அதே கிணறுகளில், அதே அளவுகளை எடுக்க வேண்டும். ஐப்பசிக் கிணற்றைச் சித்திரைக் கிணற்றோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடும் அறிக்கைகளும் உண்டு. அவ்வாறே, ஊரில் இரண்டாயிரம் பேர் வசிப்பதாலேயே ‘பயனாளிகள் 2,000’ என்று எழுதாமல், நேரடியாகப் பயன் பெற்ற குடும்பங்கள் இத்தனை என்று பெயர்ப் பட்டியலோடு தனியே காட்டினால், எண் சிறிதானாலும் மதிப்புக் குறையாது. 120 பெண்கள் என்று சொல்லி 87 பேர் மட்டுமே பயிற்சியை முடித்தார்களாயின், 87 என்றே எழுதி, எஞ்சியவர்கள் நூற்பாலை வேலைக்குப் போனார்களா, கல்யாணமாகி வெளியூர் சென்றார்களா, மாலை வகுப்புக்குப் பேருந்து இல்லையா என்று விசாரித்து எழுத வேண்டும். அடுத்த மானியத்தில் வகுப்பு நேரத்தை மாற்றக் கேட்பதற்கு அந்தப் பத்தியைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை.

படங்கள் நான்கைந்து போதும். அவற்றில் முகம் தெரிகிறவர்களிடம் எழுத்துமூலமான சம்மதம் பெற்றிருக்க வேண்டும். ஆதார் அட்டை நகல்களை அறிக்கையோடு கட்டுக்கட்டாக அனுப்பும் பழக்கத்தை, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் இயற்றப்பட்ட பிறகாவது விட்டுவிட வேண்டும்.

ஆடிட்டரிடம் ஜனவரியிலேயே நாள் குறித்துக்கொள்வது, ஏப்ரல் 30-க்குள் யூசி கேட்கும் தாதாக்களை உடையவர்களுக்கு அத்தியாவசியம். அவர் தரும் சான்றிதழில் யு.டி.ஐ.என். என்ற பதினெட்டு இலக்க எண் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரிக்குப் பிறகு அது இல்லாத சான்றிதழ் செல்லாது. வங்கி வட்டியை வரவில் காட்டாத யூசியும் திரும்பி வரும்.

திட்டம் முடிந்ததும் மிஞ்சும் விஷயங்கள் மூன்று. மிச்சத் தொகையை ஒப்பந்தப்படி திருப்பி அனுப்புவதோ, வேறு காரியத்துக்குப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி பெறுவதோ முதலாவது. வாங்கிய தையல் இயந்திரங்களும் மோட்டார்களும் யார் பெயரில் இருக்கும், பழுதானால் யார் பார்ப்பது என்று தீர்மானித்து, மகளிர் குழுவுக்கோ ஊராட்சிக்கோ கொடுப்பதாயின் ஒப்படைப்புக் கடிதமும் இருப்புப் பதிவேட்டில் குறிப்பும் எழுதுவது இரண்டாவது. எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தில் வாங்கிய பொருளாயின், அவ்விதம் கொடுக்கலாமா என்று ஆடிட்டரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, இறுதி அறிக்கை ஏற்கப்பட்டு மானியக் கணக்கு முடிக்கப்பட்டதாகத் தாதாவிடமிருந்து ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்கி, முதல் நாள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துடன் ஒரே கோப்பில் சேர்த்து, வவுச்சர்களின் ஸ்கேன் பிரதி ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைத்து, பத்து ஆண்டுகள் வரை கறையான் அண்டாத இரும்புப் பீரோவில் அந்தக் கோப்பைப் பாதுகாக்க வேண்டும்.